கறுப்பு நூலை ஒதுக்கி வைத்த ஹாலோவீன்

எங்கள் ஊர் நூலகத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் என்ன வைக்கலாம் என்று மாதாமாதம் அங்கே மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 2025 அக்டோபர் கடைசி வாரத்துக்கு ஹாலோவீன் (அக்டோபர் 31இல் பேய் வேடம் போட்டு, பூசணியில் முகம் செதுக்கிக் கொண்டாடும் நாள்) அலங்காரம் என்று முடிவானது. கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, குரோஷேயில், அதாவது முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால், பின்னியதாக இருக்க வேண்டும். பின்னுகிறவர்களும் ஊசியைப் புதிதாகப் பிடிக்கிறவர்களாக இருக்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் தேடியபோது, கையில் குரோஷே ஊசியோடு ஓரமாக உட்கார்ந்திருந்த நான் மாட்டிக்கொண்டேன்.

இடம் நியூ ஜெர்சி. செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 25 வரை 5 சனிக்கிழமைகள், ஒவ்வொரு நாளும் 2 மணி நேரம். வந்தவர்கள் 9 பேர். அதில் 7 பேர் அதுவரை குரோஷே ஊசியைத் தொட்டதே இல்லை. ஒருவர் சிறுவயதில் பள்ளியில் சங்கிலிப் பின்னல் மட்டும் கற்றவர். இன்னொருவர் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா. அவருக்குக் குரோஷே தெரியாது. ஆனால் முப்பது வருடம் ஒயர் கூடை பின்னியவர். அது என்ன பெரிய வித்தியாசம் என்று முதல் நாள் நினைத்தேன். பெரிய வித்தியாசம்தான் என்பது பிறகு தெரிந்தது.

இந்த ஐந்து வாரத்தில் நான் போட்ட திட்டம் ஏறக்குறைய முழுவதும் தலைகீழானது. எது ஏன் தோற்றது, எது ஏன் கைகொடுத்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த அக்டோபரில் இதே வேலையைச் செய்யப்போகிற யாருக்காவது ஒரு சனிக்கிழமை மிச்சமானால் நல்லது.

நான் போட்ட வரிசை

நான்கு பொருட்களை எடுத்துக்கொண்டேன்: பேய், வௌவால், சிலந்தி வலை, பூசணிக்காய். நான்குக்குமே பின்னல் குறிப்புகளில் ‘தொடக்கநிலை’ என்று போட்டிருந்தது. அதில் எது எளிது என்று பார்க்க ஒரு கணக்கு வைத்திருந்தேன்: எத்தனை வகைப் பின்னல் வருகிறது, எவ்வளவு சிறியது. பேய்க்கு ஒரே வகைப் பின்னல், கைக்குள் அடங்கும் அளவு. எனவே முதல் வாரம் பேய். வௌவால் தட்டையானது, பஞ்சு அடைக்க வேண்டாம், இரண்டாம் வாரம். வலைக்குச் சங்கிலிதான் அதிகம், மூன்றாம் வாரம். பூசணி பெரியது, நேரம் பிடிக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

நூல் வாங்கியதிலும் ஒரு கோளாறு. 1943இல் ஒஹையோவில் தொடங்கிய, துணியும் நூலும் விற்கும் ஜோ-ஆன் கடைகள் 2025 மே மாத இறுதியோடு நாடு முழுவதும் மூடப்பட்டுவிட்டன. கைவேலை செய்கிறவர்களுக்கு அது வெறும் கடை இல்லை. நூலைத் தொட்டுப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்கும் இடம். அது இல்லாமல் இணையத்தில் வாங்கினேன். ஆரஞ்சும் கறுப்பும் சேர்ந்த கட்டாக வாங்கினால் மலிவு என்று இருந்தது. ஹாலோவீன் என்றால் ஆரஞ்சும் கறுப்பும்தானே, சரி என்று 6 ஆரஞ்சு, 6 கறுப்பு, கூடவே 4 வெள்ளைக் கண்டுகள் வாங்கிவிட்டேன். எல்லாம் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அமெரிக்காவில் நூலின் தடிமனை 0 முதல் 7 வரை எண்ணிட்டு, கண்டின் சுற்றுத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். நான் வாங்கியது 4ஆம் எண், நடுத்தரத் தடிமன். கற்றுக்கொள்ள நல்ல நூல்தான். நிறம்தான் தப்பு.

முதல் சனிக்கிழமை: பேய்

முக்கால் மணி நேரம் சங்கிலியும் (வளையத்துக்குள் வளையமாகக் கோக்கும் தொடக்க வரிசை) சிங்கிள் குரோஷேயும் (குட்டையான அடிப்படைப் பின்னல்) போட்டுப் பழகினார்கள். அதுவரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பேயைத் தொடங்கினோம்.

பேய் ஒரு சின்னப் பொம்மை. ஜப்பானியர்கள் அமிகுருமி என்று சொல்லும் பாணி. நூலை விரலில் ஒரு வளையமாகச் சுற்றி, அந்த வளையத்துக்குள் 6 சிங்கிள் குரோஷே போட்டு, வால்நூலை இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ளும். இதை மேஜிக் ரிங் என்பார்கள். ஒரு தடவை போடும் பின்னலைக் கண்ணி என்போம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 12, அதற்கடுத்து 18, பிறகு 24. சுற்று எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமே இருக்காது. சுருள் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும். பஞ்சு வெளியே தெரியக் கூடாது என்பதால் 3.5 மில்லிமீட்டர் ஊசி கொடுத்திருந்தேன். அந்தத் தடிமன் நூலுக்கு அது சிறிய ஊசி.

அந்த நாளில் ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பேயை முடிக்கவில்லை. 24ஐ எட்டியவர்களே மூன்று பேர்தான்.

எங்கே அடிபட்டோம்? முதலில் மேஜிக் ரிங். முதல் கண்ணிக்குப் பிடிமானமே கிடையாது. விரலில் தொங்கும் வளையத்தில், இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்துப் பின்ன வேண்டும். இருபது வருடம் பின்னியவளுக்கு அது கை தானாகச் செய்யும் வேலை. முக்கால் மணி நேரப் பழக்கம் உள்ளவருக்குக் காற்றில் வீடு கட்டுகிற வேலை. இரண்டு சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் 6 கண்ணி போட்டாலும் வட்டம் கிடைத்துவிடும். நடுவில் ஒரு சின்னத் துளை தெரியும், அவ்வளவுதான். அதையாவது முதலில் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது எண்ணிக்கை. ஒரு சுற்றில் 18க்குப் பதில் 17 வந்துவிட்டால் அந்தச் சுற்றில் ஒன்றும் தெரியாது. அடுத்த சுற்றின் முடிவில்தான் கணக்கு உதைக்கும். கற்றுக்கொள்கிறவர் தப்பு இந்தச் சுற்றில் என்று நினைத்து இதைப் பிரிப்பார், மறுபடி போடுவார், மறுபடி உதைக்கும். தப்பு ஒரு மாடி கீழே இருக்கிறது. ஒருவர் ஒரே சுற்றை நான்கு தடவை பிரித்தார். அவர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வரவில்லை. அது என் கணக்கில் எழுத வேண்டிய இழப்பு.

ஒருவர் வீட்டிலிருந்து வெல்வெட் மாதிரி மொசுமொசுவென்ற வெள்ளை நூல் கொண்டுவந்திருந்தார். பேய்க்கு அழகாக இருக்குமே என்று. அந்த மொசுமொசுப்புக்குள் கண்ணியைக் கண்ணால் பார்க்கவே முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன்.

இரண்டாம் சனிக்கிழமை: வௌவாலும் இருட்டும்

பேய் கைவிட்டதால் வௌவால் கைகொடுக்கும் என்று நம்பினேன். கறுப்பு நூல், 5 மில்லிமீட்டர் ஊசி, தட்டையான பின்னல், சுற்றுக் கணக்கு இல்லை. போன வாரம் தடுக்கிய எதுவும் இதில் கிடையாது.

பதினைந்து நிமிடத்தில் அறை முழுக்கத் தலைகள் குனிந்துவிட்டன. மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் நூல். கண்ணாடி போட்டவர்கள் கழற்றினார்கள், போடாதவர்கள் பையில் தேடினார்கள். ‘அடுத்த கண்ணி எது?’ என்று அன்றைக்கு என்னிடம் கேட்டதுபோல் யாரும் எப்போதும் கேட்டதில்லை. எனக்கும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

இதற்குக் காரணம் எளிது. முன்பே எனக்குத் தோன்றாததுதான் வெட்கம். பின்னலின் மேல்விளிம்பில் ஒவ்வொரு கண்ணியும் ஆங்கில ‘வி’ எழுத்துப் போலப் படுத்திருக்கும். ஊசியை எங்கே விடுவது என்பதை நாம் நூலைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. நூலுக்கும் நூலுக்கும் இடையில் விழும் நிழலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். வெளிர்நிற நூலில் இழை வெளிச்சம், இடுக்கு இருட்டு. கறுப்பில் இழையும் இருட்டு, இடுக்கும் இருட்டு. கை தேர்ந்தவர்கள் விரலால் எண்ணிவிடுவார்கள். புதியவர்களுக்குக் கண்தான் எல்லாம்.

மடியில் வெள்ளைத் துணி விரித்துப் பின்னினால் கொஞ்சம் உதவும். இடுக்குகள் வழியே வெள்ளை தெரியும். கழுத்தில் மாட்டும் சின்ன விளக்கு இன்னும் உதவும். இரண்டையும் செய்து பார்த்தோம். ஆனால் அன்று உருப்பட்டது இதனால் அல்ல. ஒருவர் பையில் அடர்ஊதா நூல் வைத்திருந்தார். அதில் போட்டதும் அவர் கை ஓடத் தொடங்கியது. ஊதாவும் ஹாலோவீன் நிறம்தான், வௌவால் ஊதாவாக இருந்தால் எந்தக் குழந்தையும் சண்டைக்கு வராது. கடைசியில் அலமாரியில் தொங்கிய மூன்று வௌவால்களும் ஊதாதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தையும் சேர்த்து வைத்து யோசித்தேன். நான் ‘எளிது’ என்பதைப் பின்னல் வகையை எண்ணி அளந்திருந்தேன். வந்தவர்களுக்கோ கண்ணி கண்ணுக்குத் தெரிகிறதா, தப்புப் போட்டால் அது எங்கே போய் நிற்கும் என்கிற இரண்டும்தான் எளிதையும் கடினத்தையும் முடிவு செய்தன. பேயில் தப்பு மாடி மாடியாக ஏறுகிறது. வௌவாலில் தப்புத் தெரியவே மாட்டேன் என்கிறது. அப்படியென்றால், தப்பைத் தானே விழுங்கிவிடுகிற பொருள் ஏதாவது இந்த நாலில் உண்டா?

இருந்தது. கடைசிக்குத் தள்ளிய பூசணிக்காய்.

மூன்றாம் சனிக்கிழமை: நீள்சதுரப் பூசணி

பூசணி உருண்டை, ஆனால் உருண்டையாகப் பின்ன வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டர் ஊசியில் 21 சங்கிலி. திரும்பி வந்து 20 சிங்கிள் குரோஷே. அடுத்த வரிசையிலிருந்து, ‘வி’யின் இரண்டு இழைகளில் உங்களுக்கு எட்ட இருக்கும் பின் இழையில் மட்டும் ஊசியை விட வேண்டும். விட்டுப்போகும் முன் இழை வரிசை வரிசையாக மேடு கட்டும். பூசணியின் மேல் ஓடுகிற வரிகள் அந்த மேடுகள்தான். இப்படியே 40 வரிசை. கிடைப்பது ஒரு நீள்சதுரத் துணி, மஃப்ளர் துண்டு மாதிரி.

அப்புறம் வேடிக்கை. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சேர்த்துத் தைத்தால் குழாய். குழாயின் ஒரு வாயைச் சுற்றி, முனை மழுங்கிய பெரிய ஊசியால் ஓட்டுத்தையல் போட்டு, சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்தால் மூடிக்கொள்ளும். பஞ்சு அடைத்து, மறுவாயையும் அதேபோல் சுருக்க வேண்டும். நூலை நடுவில் மேலிருந்து கீழே கொண்டுபோய் இறுக்கினால் உருண்டை அமுங்கிப் பூசணி உட்காரும். அதே நூலை வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி எடுத்து ஐந்தாறு இடத்தில் அழுத்திக் கட்டினால் சுளைகள் பிரியும். ஒரு பழுப்புத் துண்டைப் பீடிபோல் சுருட்டி மேலே தைத்தால் காம்பு. விட்டம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் வரும். 100 கிராம் கண்டில் இரண்டு மூன்று பூசணி தாராளம்.

மொத்தம் 800 சிங்கிள் குரோஷே. எண்ணிக்கையைக் கேட்டு ஒருவர் மயங்கி விழுவதுபோல் நடித்தார். ஆனால் 800ம் ஒரே கண்ணி. நிமிடத்துக்கு எட்டோ பத்தோ போடுகிறவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு வேலை. வீட்டிலும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே போடலாம், போட்டார்கள்.

இதில் தப்பு எங்கே போகிறது என்பதுதான் நான் எழுத வந்ததே. புதியவர்கள் செய்கிற முதல் தப்பு வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவது. 20, 19ஆகி, 18ஆகி, துணி ஓரத்தில் வளைந்து உள்வாங்கும். மஃப்ளர் என்றால் ஊரே பார்க்கும். பூசணியில் அந்த ஓரங்கள் இரண்டும்தான் சுருக்கப்பட்டு மேலும் கீழும் மறைகின்றன. 17 கண்ணிக்கு இறங்கிய வரிசையும், தவறுதலாக 22க்கு ஏறிய வரிசையும் சுருக்கிய பிறகு கொஞ்சம் கோணலான பூசணியாகின்றன. கோணல் இல்லாத பூசணியைத் தோட்டத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? ஆரஞ்சு நூலில் நிழல் பளிச்சென்று தெரியும். மேடும் பள்ளமும் வரிசையை எண்ணவும் உதவும். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு. அன்று மாலை வந்திருந்த ஏழு பேரும் துணியை முக்கால்வாசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால் ஆளுக்கொரு பூசணி, சிலரிடம் இரண்டு.

ஒரே ஒரு பூசணி விபத்து. ஒருவர் வீட்டில் வேறு ஒரு குறிப்பைப் பார்த்துச் செய்தார். அதில் ‘டபிள் குரோஷே’ என்று இருந்தது, அவரும் நான் சொல்லிக்கொடுத்த டபிள் குரோஷேயை, சிங்கிளைவிட உயரமான பின்னலை, போட்டார். குறிப்பு பிரிட்டனில் எழுதியது. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டனில் டபிள் என்பார்கள். அமெரிக்க டபிள் அங்கே ட்ரெபிள். துணி ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டு, ஓட்டை ஓட்டையாய், பஞ்சு எல்லா இடுக்கிலும் எட்டிப் பார்த்தது. அதற்குள் ஆரஞ்சுத் துணி ஒன்றைச் சுருட்டி வைத்து ஒப்பேற்றினோம். எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதலில் சிங்கிள் குரோஷே என்ற பேர் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அது அமெரிக்கக் குறிப்பு. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

டர்னிப் கேட்ட பாட்டி

வகுப்பில் மூத்தவர் ஓர் ஐரிஷ் வம்சாவளிப் பாட்டி. அவர் பூசணி வேண்டாம், டர்னிப்தான் செய்வேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்த நாளுக்கு முகம் செதுக்கியது டர்னிப் கிழங்கில்தான். அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கு இங்கே பூசணி கிடைத்தது. பெரியது, செதுக்கவும் சுலபம். அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் டொனகல் பகுதி டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்தால் பூசணி முகம் பச்சைக் குழந்தை. டர்னிப் முகம் உண்மையிலேயே பயமுறுத்தும், சுருங்கிப்போன கிழட்டு முகம்.

குரோஷேயும் அதே வழியில் வந்த விருந்தாளிதான் என்று அவரே சொன்னார். 1840களில் உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, குரோஷே லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. மோனகன் மாவட்டத்தின் குளோன்ஸ் ஊரில் அதைத் தொடங்கி வைத்தவர் தேவாலயப் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட், ஆண்டு 1847. கார்க் பகுதியில் கன்னிமாடங்கள் கற்றுக்கொடுத்தன. பஞ்சத்தில் கப்பலேறியவர்களோடு கைப்பின்னலும் வந்தது, ஹாலோவீனும் வந்தது. பூசணியைக் குரோஷேயில் பின்னுவது என்னவோ நேற்றைய இணைய மோகம் என்று நினைத்திருந்தேன். இரண்டும் பழைய கூட்டாளிகள்.

சரி, டர்னிப். மேலே ஊதா, கீழே வெள்ளை. நீள்சதுரப் பூசணியில் வரிசைகள் மேலிருந்து கீழாக ஓடுவதால் நிறத்தை மாற்றினால் நெடுக்குப் பட்டைதான் வரும், குறுக்குப் பட்டை வராது. அதற்குச் சுற்றாகப் பின்ன வேண்டும். பேயிடம் வாங்கிய அடி எல்லோருக்கும் நினைவிருந்தது. கடைசியில் முழுக்க வெள்ளையில் பின்னி, மேல்பாதியில் ஊதா நூலை ஊசியால் கோத்துக் கோத்து ஏற்றினார். கறுப்பு ஃபெல்ட்டில், அதாவது அழுத்திச் செய்த கெட்டித் துணியில், பல் இல்லாத வாய். அலமாரியில் அதிகம் பேர் நின்று பார்த்தது அதைத்தான்.

நான்காம் சனிக்கிழமை: கஞ்சி

அக்டோபர் 18. திங்கட்கிழமை தீபாவளி. இந்தியர்கள் பலகாரத்தில் இருந்தார்கள். வந்தவர்கள் ஐந்து பேர். மதுரை அம்மா மட்டும் ஒரு டப்பா முறுக்கோடு வந்துவிட்டார்.

வலையின் வேலை சின்னது. ஒரு சிறு சங்கிலி வளையம். அதிலிருந்து சம இடைவெளியில் 6 டபிள் குரோஷே, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 3 சங்கிலி. அடுத்த சுற்றில் அதே தூண் மேல் தூண், நடுவில் 5 சங்கிலி, அதற்கடுத்து 7. தூண்கள் ஆறும் நட்சத்திரக் கால்களாக நீளும், சங்கிலிகள் தொய்ந்து வலை ஆகும். புதியவரின் சங்கிலி ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி என்று வரும். வலைக்கு அது பொருத்தம்தான். பின்னுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் பின்னி முடித்த பிறகு. தூக்கிப் பிடித்தால் ஈரத் துணி மாதிரி தொங்குகிறது. முந்தைய நாளே வீட்டில் ஒன்றைச் செய்து, ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு கரண்டி சோளமாவு போட்டுக் காய்ச்சி, முக்கி, அட்டையில் குண்டூசி குத்தி இழுத்துக் காயவைத்திருந்தேன். காலையில் ஊசியை எடுத்ததும் மறுபடி தொய்ந்துவிட்டது. அதை அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி நூலை நெருடிப் பார்த்தார்.

“ஏம்மா, இது பிளாஸ்டிக் நூலுல்ல?”

“ஆமாம்மா, அக்ரிலிக்.”

“நைலக்ஸ் சேலைக்கு யாராச்சும் கஞ்சி போடுவாங்களா? பருத்தியில போட்டுப் பாரு, நிக்கும்.”

அவ்வளவுதான் விஷயம். பருத்தி நீரை உறிஞ்சும், கஞ்சி இழைக்குள் ஏறிக் காய்ந்து விறைக்கும். அக்ரிலிக் பெரிதாக உறிஞ்சாது; கஞ்சி மேலாக ஒட்டிக்கொண்டு நின்று உதிர்ந்துவிடும். பாத்திரம் துடைக்கும் துணி பின்னுவதற்கென்று இங்கே பருத்தி நூல் தனியாக விற்பார்கள். அதில் மறுபடி பின்னி, அதே கஞ்சியில் முக்கி, அட்டைமேல் பிளாஸ்டிக் தாள் விரித்து ஆறு முனையையும் குத்தி ஓர் இரவு காயவிட்டோம். அப்பளம் மாதிரி நின்றது. ஏற்கெனவே அக்ரிலிக்கில் பின்னி முடித்தவர்கள் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து முக்கினார்கள்; அது பருத்தி அளவுக்கு இல்லாவிட்டாலும் பிடித்தது. ஊதா வௌவாலின் சிறகு தொங்காமல் இருந்ததும் இந்தப் பசையால்தான்.

அந்த அம்மாவைப் பற்றி இன்னொன்று. எட்டுப் பேரின் கையிலும் நூல் ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் தளரும். இவர் கையில் முதல் நாளிலிருந்தே ஒரே சீர். ஒயரை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டுப் பழகிய விரலுக்கு இழுவையின் அளவு தெரியும். ஊசிதான் புதிது. நூலின் பிடி பழையது. குரோஷேயில் பாதி வேலை அந்தப் பிடி.

பேய் திரும்பி வந்தது

கண்ணாடி அலமாரிக்குப் பேய் இல்லாமல் முடியாது. குழந்தைகள் கேட்பார்கள். ஐந்தாம் வாரத்துக்குள் வேறு பேய் வேண்டும். தீர்வு பழைய கைக்குட்டைப் பேய்: ஓர் உருண்டையின் மேல் சதுரத் துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினால் பேய்.

6.5 மில்லிமீட்டர் ஊசி, அகலத்துக்கு 20 டபிள் குரோஷே, உயரத்துக்கு 11 வரிசை. ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் சதுரம். பெரிய ஊசி என்பதால் கண்ணிகள் தளர்ந்து துணி வழுக்கி விழும். பேய்க்கு வேண்டியதும் அந்த வழுக்கல்தான். உள்ளே தலைக்கு முதல் இரண்டு வாரத்தில் பாதியில் விட்ட பேய்களையும் வௌவால்களையும் சுருட்டி வைத்தோம். இதைவிடப் பொருத்தமான பஞ்சு கிடைக்காது.

இங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். சிலர் கை இயல்பிலேயே இறுக்கம், சிலர் கை தளர்ச்சி. அதைத் திருத்தவே முதல் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். இறுக்கமான கைக்குப் பூசணியைக் கொடுத்தால் பஞ்சு தெரியாத நல்ல கெட்டியான பூசணி. தளர்ந்த கைக்கு இந்தப் பேயைக் கொடுத்தால் காற்றில் ஆடுகிற பேய். கையைத் திருத்துவதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் மாதத்தில் கைக்கு ஏற்ற வேலையைக் கொடுத்துவிட்டால் ஆள் ஓடிப்போக மாட்டார். முதல் வாரமே இது தெரிந்திருந்தால் அந்த ஒன்பதாவது ஆள் இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வாசலில் வைத்தவை

அலமாரிக்குப் போனது போக மீதியை அவரவர் வீட்டு வாசலில் வைத்தார்கள். மழையில் நனைந்த பூசணி இரண்டு நாளாகியும் காயவில்லை. உள்ளே பஞ்சு தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டது. இன்னொரு பூசணியின் அடிவாயை அணில் கிழித்துப் பஞ்சை இழுத்துக்கொண்டு போனது. குளிர்காலக் கூட்டுக்கு மெத்தை தேடும் மாதம் அது, அணிலைச் சொல்லிக் குற்றமில்லை. பஞ்சு அடைத்தவை வீட்டுக்குள், தட்டையானவை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கஞ்சி போட்ட வலையும் மழைக்கு ஆகாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூசணிக்குள் மெழுகுவர்த்தி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அக்ரிலிக் பற்றிக்கொண்டால் உருகி ஒட்டும். ஒளி வேண்டுமென்றால் பேட்டரி விளக்கு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பிளாஸ்டிக் கண்ணையும் ஒட்ட வேண்டாம், நூலாலேயே தைத்துவிடலாம்.

முகத்தைத் தைக்காமல் ஃபெல்ட்டில் வெட்டிக் குண்டூசியால் குத்தியது மகளோடு வந்த ஒரு தாயின் யோசனை. நவம்பர் 1 காலையில் முகத்தை எடுத்துவிட்டால் அதே பூசணி நவம்பர் 27, தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாள் வரை மேசையில் இருக்கலாம். செய்ததற்கு ஒரு மாத ஆயுள் கூடுதல்.

அதே தாய் செய்த இரண்டாவது பூசணி ஆரஞ்சு இல்லை. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் டீல் என்று ஒரு நிறம். நம் சேலைக் கணக்கில் மயில்கழுத்துக்குப் பக்கம். அவர் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. வீடு வீடாகப் போய் வாங்கும் மிட்டாயில் பாதியை அவள் தின்ன முடியாது. டென்னசியில் தொடங்கிய ஒரு வழக்கத்தை 2014 முதல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு நாடு முழுக்கப் பரப்பியது: வாசலில் டீல் நிறப் பூசணி இருந்தால், இங்கே மிட்டாய் அல்லாத பொருளும் உண்டு என்று அர்த்தம். அவர் கூடையில் பென்சிலும் ஸ்டிக்கரும் வைத்திருந்தார். அந்தப் பூசணியில் ஏழெட்டுக் கண்ணி விட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியும். தெருவில் நின்று பார்த்தால் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை என்று தெரிந்தும் இரண்டு பேர் வந்து, டீல் நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மொத்தக் கணக்கு: பூசணி 14, அதில் டர்னிப் 1. கைக்குட்டைப் பேய் 11. வலை 5. வௌவால் 3. முதல் வாரத்து அமிகுருமிப் பேய் ஒன்றே ஒன்று, நான் பின்னியது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆரஞ்சு நூல் மூன்றாம் வாரத்திலேயே தீர்ந்து இரண்டு தடவை மறுபடி வாங்கினேன். கறுப்புக் கண்டுகளில் ஐந்து இன்னும் சுற்றுத்தாள் பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கின்றன. யாருக்காவது குளிருக்குத் தொப்பி வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். பகலில் பின்னிக்கொள்ளுங்கள்.